ஸ்ரீபெரும்புதூர் போகும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு



பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் ஐயம்பேட்டையிலும் தறி இருந்த வீடுகளிலிருந்து, விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் போகிறீர்கள். உங்கள் அப்பா தறிப் பள்ளத்தில் இறங்கி மிதிக்கட்டையை மிதித்தவர். அம்மா தார் சுற்றியவர். நீங்கள் காரும் கைப்பேசியும் வாஷிங் மெஷினும் செய்கிறீர்கள். தறியை விட்டுப் போனீர்களே என்று குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பாவு வருமா வராதா என்று சங்கத்து வாசலிலும் முதலாளி வீட்டு வாசலிலும் காத்துக் கிடந்த பிழைப்பை விட்டு, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையைத் தேடிக்கொண்டது சரியான முடிவுதான்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் ஆலைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சம்பளமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன. ஆனால் முதன்மையான கோரிக்கை, தாங்கள் அமைத்துக்கொண்ட சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். அந்த நாட்களில் நம் ஊர் டீக்கடைகளில் இரண்டு பேச்சுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "ரஷ்யாவே உடைஞ்சு முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்குப்பா செங்கொடி?" என்பது ஒன்று. "கொடி பிடிச்சா கம்பெனி மூட்டை கட்டிட்டுப் போயிடுவான், நோக்கியா போகலையா?" என்பது மற்றொன்று.

நோக்கியாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. வருமான வரி வழக்கில் ஆலைச் சொத்து முடக்கப்பட்டதால், நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்கு அதைக் கைமாற்ற முடியவில்லை. பிறகு மைக்ரோசாஃப்ட் தன் ஒப்பந்தத்தையும் நிறுத்திக்கொண்டது. வரி அதிகாரியும் இரண்டு பன்னாட்டு நிறுவனங்களும் சம்பந்தப்பட்ட விவகாரத்தைத் தொழிலாளர் தலையில் கட்டுவது அநியாயம்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எழுபது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்ததும் உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்தது. ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் சோவியத் ரஷ்யா. 1949-இல் சீனாவும் செங்கொடியின் கீழ் வந்தது. இங்கே 1948-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் புரட்சிப் பாதையை எடுத்தது. அது தவறான கணக்கு என்பதைக் கட்சியே பின்னால் உணர்ந்து கைவிட்டது. சென்னை மாகாண அரசு கட்சிக்குத் தடை விதித்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் போலீசார் சுட்டதில் கைதிகள் 22 பேர் செத்தார்கள். குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தடையிலிருந்து வெளியே வந்த கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்றார் பி. ராமமூர்த்தி. பெரும்பான்மை இல்லாத காங்கிரசைக் கரைசேர்க்க ராஜாஜி முதல்வராகக் கொண்டுவரப்பட்டார். கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று அவர் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்.

அதே 1952-இல் கைத்தறி படுத்துவிட்டது. கொரியப் போரால் உலகெங்கும் பருத்தி விலை ஏறி, பிறகு சடாரென்று சரிந்தது. நெய்த துணி விற்காமல் தேங்கியது. நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. பட்டைவிடப் பருத்தி நெய்தவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். நம் ஊர் அண்ணாதுரை திருச்சித் தெருக்களில் விற்றார். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று ராஜாஜி டெல்லியோடு மல்லுக்கட்டினார். 1952 அக்டோபரில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் பிறந்தது. அடுத்த ஆண்டு மில் துணி மீது கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தில் கதருக்கும் கைத்தறிக்கும் உதவ ஒரு சட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசுப் பணம் வரத் தொடங்கியது. நம் ஊரிலும் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் பட்டுச் சங்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1971-இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் இங்கேயே அமைந்தது.

ராஜாஜிக்குக் கைத்தறி மேல் உண்மையான அக்கறை இருந்தது. காந்தியோடு இருந்தவர் அவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெல்லி செவிசாய்த்ததற்கு அக்கறை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. பக்கத்திலேயே தெலங்கானா கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தில் எரிந்து தணிந்திருந்தது. எதிர்வரிசையில் 62 பேர் உட்கார்ந்திருந்தார்கள். பட்டினி கிடக்கும் நெசவாளன் எந்தக் கொடியின் கீழ் போவான் என்ற கவலை ஆட்சியாளர்களுக்கு இருந்தது. பிரியதர்ஷன் இயக்கத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த 'காஞ்சிவரம்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பட்டு முதலாளியிடம் கூலிக்கு நெய்பவன் கம்யூனிஸ்ட் ஆகிறான். அது கற்பனைக் கதைதான், ஆனால் அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் பயந்த நெசவாளன் அவன்தான். அந்தப் பயத்தை நம் பெரியவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், தீபாவளி போனஸ் கேட்டார்கள். சங்கத்துக்குப் பட்டும் ஜரிகையும் கேட்டார்கள். இவற்றை மாஸ்கோவும் கொடுக்கவில்லை, வாஷிங்டனும் கொடுக்கவில்லை. அவை இரண்டும் முட்டிக்கொண்ட இடைவெளியில் நம்மவர்கள் சேர்ந்து நின்று வாங்கியவை இவை.

தமிழ்நாடு முழுக்கவே அந்த இடைவெளியில் நிறைய வாங்கிக்கொண்டது. நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. திருச்சி பெல் கொதிகலன் ஆலைக்குக் கைகொடுத்தது செக்கோஸ்லோவாக்கியா. கிண்டியில் ஐ.ஐ.டி.யை அமைக்க மேற்கு ஜெர்மனி வந்தது. ஆவடியில் முதலில் பிரிட்டிஷ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கியும், பின்னாளில் சோவியத் உரிமத்தில் டி-72 டாங்கியும் உருவாயின. பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடர் அனுப்பியது. அதே பிள்ளைகள் பெரியவர்களானதும் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்குக் கெட்டி அட்டை ரஷ்ய நாவல் வாங்கிப் படித்தார்கள். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் தேடினால் கார்க்கியின் 'தாய்' கிடைக்கக்கூடும். 1967-இல் அண்ணா அமைத்த கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒன்றாக இருந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் கற்பனை செய்ய முடியாத அந்தச் சேர்க்கையை நடத்திக் காட்டிய காஞ்சிபுரத்துக்காரர், மறு ஆண்டே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அழைப்பை ஏற்றுப் போய்வந்தார். எந்தப் பக்கமும் அடிமைப்படாமல் இரண்டு பக்கத்திலும் வேண்டியதை வாங்கிக்கொள்ளும் தைரியம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

இழப்பும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. தொழிற்சங்கங்கள் உடைந்தன. கம்யூனிஸ்டுகள் செல்வாக்கோடு இருந்த ஏ.ஐ.டி.யு.சி.க்கு எதிராக 1947-இல் காங்கிரஸ் ஐ.என்.டி.யு.சி.யைத் தொடங்கியது. 1949-இல் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பே இரண்டாகப் பிளந்தது. 1962-இல் சீனப் போர், 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சிப் பிளவு. 1970-இல் சி.ஐ.டி.யு. தனியாகப் பிறந்தது. பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் நடந்த சண்டையில், அந்த ஊர்களைப் படத்தில்கூடப் பார்க்காத நெசவாளர்கள் ஒரே தெருவில் பேசாமல் போனார்கள். இதைப் போன்ற வீண் துயரம் வேறில்லை என்பது என் எண்ணம்.

இப்போது கொரியாவுக்கு வருகிறேன். உங்களில் பலருக்குச் சம்பளம் தரும் நிறுவனங்கள் அந்த நாட்டைச் சேர்ந்தவை.

அந்த இரண்டு முகாம்களின் பனிப்போருக்கு நேர் பிள்ளை தென்கொரியா. ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்த நாடு, 1950 முதல் 1953 வரை நடந்த போரில் சிதைந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கப் படைக்குக் கட்டடப் பணி செய்து வளர்ந்தது ஹூண்டாய். போர் முடிந்த கையோடு சர்க்கரை ஆலையும், 1954-இல் கம்பளித் துணி ஆலையும் தொடங்கியது சாம்சங். ஆம், உங்கள் சாம்சங்கும் துணி நெய்து வளர்ந்த கம்பெனிதான். வடக்கே கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்ததால், தெற்கை எப்படியாவது வளர்த்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அமெரிக்காவுக்கு இருந்தது. உதவியும் சந்தையும் தாராளமாகக் கிடைத்தன. நாடு வளர்ந்தது. ஆனால் வளர்த்த கைகளுக்குச் சங்கம் கேட்கும் உரிமை இல்லை. கேட்டவனை வடகொரிய ஒற்றன், செம்படைக்காரன் என்றார்கள்.

சியோல் நகரத்தில் அமைதிச் சந்தை என்ற பெயரில் ஒரு துணிச் சந்தை இருந்தது. நிமிர்ந்து நிற்க முடியாத பரணறைகளில் பதினாலு, பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள் தூசிக்குள் உட்கார்ந்து தைத்தார்கள். அங்கே துணி வெட்டும் வேலை பார்த்த சோன் தே-இல் என்ற இளைஞர், நாட்டில் ஏற்கெனவே இருந்த தொழிலாளர் சட்டத்தை வாங்கிப் படித்தார். அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி அதிகாரிகளிடம் மனுமேல் மனு கொடுத்தார். எவரும் காது கொடுக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, நாங்கள் எந்திரமல்ல என்று முழங்கியபடி அந்தச் சந்தைத் தெருவில் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அவருக்கு வயது 22. அவருடைய தாய் லீ சோ-சன் 2011-இல் சாகும்வரை தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்தார். 1987 கோடையில்தான் உல்சான் ஹூண்டாய் ஆலைகள் உட்பட நாடு முழுக்கத் தொழிலாளர் கிளர்ச்சி வெடித்தது. அதன் பிறகே அங்கே சங்கங்கள் மூச்சு விட்டன. அப்போதும் சாம்சங் பிடிவாதமாகச் சங்கம் கூடாது என்றே இருந்தது. அந்தக் கொள்கையைக் கைவிடுவதாகச் சொல்லி, அப்போது அதன் துணைத் தலைவராக இருந்த லீ ஜே-யோங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். 2024 ஜூலையில் கொரியாவில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தன் வரலாற்றின் முதல் பெரிய வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது. செப்டம்பரில் நம் சுங்குவார்சத்திரம்.

மறுமுகாம் மட்டும் தொழிலாளியைத் தலையில் வைத்துக் கொண்டாடியதா? போலந்தில் நடந்ததைப் பாருங்கள். தொழிலாளர் ஆட்சி என்று பெயர். 1980 ஆகஸ்டில் டான்ஸ்க் நகரத்து லெனின் கப்பல் தளத்தில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கட்சிக்குக் கட்டுப்படாத சொந்தச் சங்கம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டதிலும் முதலாவது. 'ஒற்றுமை' என்று பொருள்படும் பெயரில் அது ஒரு கோடிப் பேர் அளவுக்கு வளர்ந்தது. 1981 டிசம்பர் 13 அன்று அரசு ராணுவச் சட்டத்தை அறிவித்துத் தலைவர்களைச் சிறையில் தள்ளியது. முதலாளித்துவ சியோலும் கம்யூனிஸ்ட் வார்சாவும் ஒரு விஷயத்தில் ஒன்றாகவே நடந்துகொண்டன. தொழிலாளி தானாகச் சேர்வதை இரண்டுமே பொறுக்கவில்லை. நம் நாட்டில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் கொடுத்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை இந்த இரண்டு ஊர்களையும் வைத்து அளந்து பாருங்கள்.

1991-க்கு வருவோம். அந்த ஆண்டு மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கோர்பச்சேவோடு கூடங்குளம் ஒப்பந்தம் போட்டவர் அவர். ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு நாட்டுத் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது, பிறகு சந்தையைத் திறந்துவிட்டது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. ரூபாயிலேயே நம்மிடம் தேயிலையும் தோலும் துணியும் வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாடிக்கை அறுந்தது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. ராஜீவ் இறந்த ஊரின் பெயர் ஐந்தாறு ஆண்டுகளில் உலகக் கார்த் தொழிலின் வரைபடத்தில் ஏறியது.

தறிக்கு என்ன ஆயிற்று? கைத்தறிக்கென ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22 ரகங்கள் இருந்தன. உச்ச நீதிமன்றம் 1993-இல் சட்டத்தை உறுதிசெய்தது, ஆனால் அரசு பட்டியலைப் பாதியாக்கி 11 ஆக்கியது. அந்தப் பதினொன்றிலும் விசைத்தறி புகுந்து நெய்வதைத் தடுக்க ஆள் இல்லை. சீனப் பட்டு நூல் மலிவாக வந்து குவிந்தது. கர்நாடகத்து மல்பெரி விவசாயி புலம்பினான். 2003-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடும் அளவுக்கு அது போனது. இடையில் அறாத சீரான பாவு நூல் என்று நம் நெசவாளர்களில் பலர் அந்தச் சீனப் பட்டையே விரும்பினார்கள். ஒரு காலத்தில் நம்மூர்க் கட்சியைப் பிளந்த செஞ்சீனம், இப்போது சந்தையின் மிகப் பெரிய வியாபாரியாக நம் தறிக்கே வந்து நின்றது. பட்டினிக் காலத்தில் பிறந்த கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கில் தறிகள் நின்றிருந்த நேரத்தில், மத்திய அரசு கலைத்தது. கேட்க நாதியில்லை. 1952-இல் இதைச் செய்யத் துணிந்திருப்பார்களா?

வெளியே இருந்தவர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. 2003 ஜனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை தறியில் உட்கார்ந்து கடனைக் கழித்தது. இரண்டு முகாமும் மோதிய காலத்திலும் இந்தப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். செங்கொடி பறந்த தெருவிலும் இருந்தார்கள், கதராடைக்காரர் தெருவிலும் இருந்தார்கள். கூலி நெசவாளருக்காகப் பேசிய சங்கங்கள், அவருக்குக் கீழே உதவிக்கு உட்கார்ந்திருந்த குழந்தைக்காகப் போதுமான அளவு பேசவில்லை. பிறகு குழந்தை உழைப்பு வெகுவாகக் குறைந்தது உண்மை. குறைய அத்தனை ஆண்டுகள் ஆனது நம் ஊருக்குப் பெருமை இல்லை. கூட்டுறவுச் சங்கங்களில் நுழைந்த போலி உறுப்பினர்களையும் அரசியல் கைகளையும் நீங்கள் உங்கள் வீடுகளிலேயே பேசக் கேட்டிருப்பீர்கள்.

ஆக, டீக்கடைக் கேள்விக்கு என் பதில் இதுதான். ரஷ்யா உடைந்தது என்பதாலேயே செங்கொடி தேவையில்லை என்று ஆகிவிடாது. உங்களைச் சங்கத்தில் சேரவைத்தது மாஸ்கோ இல்லை. உங்கள் வேலை நேரமும் சம்பளமும் பாதுகாப்பும்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை உணர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தாத்தா கூலி கேட்டபோது அவர் பின்னால் ஒரு வல்லரசின் நிழல் இருந்தது. எதிரே இருந்தவர் அந்த நிழலுக்குப் பயந்தார். உங்கள் பின்னால் அப்படி எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆள் மட்டும்தான் உண்டு.

அது போதுமா என்றால், இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன; எல்லாக் கொடிச் சங்கங்களும் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அடுத்தது சாம்சங். கம்பெனியின் பெயரைச் சங்கத்தின் பெயரில் வைக்கக் கூடாது என்று நிர்வாகம் எதிர்த்தது, பதிவு இழுத்தடிக்கப்பட்டது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி கடைசியில் சங்கம் பதிவானது. இரண்டுமே எந்த வல்லரசின் தயவும் இல்லாமல் நடந்தவை.

உங்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். எந்தக் கொடியின் கீழ் சேர்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் கொடிச் சண்டையில் சக தொழிலாளியோடு பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். நம் முன்னோர் அதில் இழந்தது போதும். ஊரில் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ பட்டுச் சங்கப் பங்கு இருந்தால், ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்கு அவர்களோடு போய் வரவுசெலவைக் கேளுங்கள். கணினி தெரிந்த நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். உங்கள் ஆலையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதே வரிசையில் குறைந்த கூலிக்கு நிற்கிறார்கள். தமிழ் தெரியாது, சங்கத்தில் இடமில்லை, எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்ற நிலையில் இருக்கிறார்கள். நம் தறிகளில் குழந்தைகளை நாம் பார்க்காமல் விட்டதைப் போல அவர்களை நீங்கள் விட்டுவிடாதீர்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதே வேலைக்கு அதே சம்பளம் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

அன்புடன்,
காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நெசவாளர் மகன்